திரையில் தோன்றும் தூதுவன்

அடுப்பிலே பாலை வைத்துவிட்டு, “பொங்கினால் கூப்பிடு” என்று பிள்ளையிடம் சொல்லிக் கிணற்றடிக்குச் செல்லும் தாயை நாம் அறிவோம். பிள்ளை பாலைப் பாராமலே குரல் கொடுப்பானாயின் அந்த ஏற்பாட்டினால் ஆவதென்ன? கணினிக்கு நாம் இடும் ஏவலும் இத்தகையதே.

எமக்கு அறிமுகமான மாணவர் ஒருவர் தம் ஆய்வுக் கட்டுரையை நாள்தோறும் வேறொரு வன்தட்டிற் பிரதி செய்யுமாறு, ‘ஸ்கிரிப்ட்’ எனப்படும் கட்டளைக் கோவையொன்றை எழுதி வைத்திருந்தார். அதன் இறுதி வரி, “பிரதி முடிந்தது” என்னும் அறிவிப்பைத் திரையின் மூலையிற் காட்டும். மாலைதோறும் அச்சொற்கள் தோன்றின. அவரும் நிம்மதியாக உறங்கினார். கட்டுரையை ஒப்படைக்கச் சில நாட்களே இருக்கையிற் கணினி பழுதுற்றது. வன்தட்டைத் திறந்து பார்த்தால், கடைசி மூன்று வாரங்களில் எழுதிய பக்கங்கள் அங்கே இல்லை! தட்டு நிறைந்துவிட்டமையாற் பிரதி செய்தல் என்றோ நின்றுபோயிருந்தது. அறிவிப்பு மட்டும் நிற்கவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? லினக்ஸ் கணினிகளில் ‘நோட்டிபை-சென்ட்’ என்னுங் கட்டளைக்குத் தலைப்பொன்றும் செய்தியொன்றும் கொடுத்தால், அது அவற்றை அவ்வாறே திரையிற் காட்டும். அது சொன்னதைச் சொல்லும் தூதுவனேயன்றி, நடந்ததைக் கண்ட சாட்சியன்று. நடந்ததை அறிய வேறு வழியுண்டு. ஒவ்வொரு கட்டளையும் முடிவுறும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. பொதுவாக, 0 எனின் வெற்றி. வேறெந்த எண்ணாயினும் தோல்வி. பிரதி செய்யுங் கட்டளை முடிந்தவுடன் இவ்வெண்ணைச் சோதித்து, வெற்றிக்கு ஒரு செய்தியும் தோல்விக்கு வேறொரு செய்தியும் அனுப்புமாறு எழுதுதல் வேண்டும். தோல்விச் செய்திக்குக் ‘கிரிட்டிக்கல்’ என்னும் அவசர நிலையைக் குறித்தல் நன்று. அவ்வாறு குறித்த அறிவிப்பு தானாக மறையாமல், நாம் நீக்கும்வரை நிற்றல் வேண்டும் என்பது விதி.

இன்னுமோர் இடர் உண்டு. அறிவிப்புகள் ‘டி-பஸ்’ என்னுஞ் செய்திப் பாதை வழியாகவே திரையை அடைகின்றன. குறித்த நேரத்தில் ஏவல்களைத் தானாக இயக்கும் ‘கிரான்’ வழியே கோவை இயங்குமாயின், அப்பாதையின் முகவரி அதற்குப் பெரும்பாலும் தெரியாது. முகவரியைக் கோவையிலேயே எழுதிக் கொடாவிடின், தோல்விச் செய்தியும் திரைக்கு வாராது போகும். நாமோ அந்த மௌனத்தை வெற்றி என எண்ணியிருப்போம்.

ஆகவே மாணவ நண்பர்களே, கோவையை எழுதிய அன்றே வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குறித்த நேரத்தில் அது தானாக இயங்குமட்டும் காத்திருங்கள். தோல்விச் செய்தி திரையில் தோன்றினால் அத்தூதுவனை நம்பலாம். வெற்றிச் செய்தி வந்தாலும், ஒன்றுமே வாராவிட்டாலும், கோவையைத் திருத்திய பின்னரே உறங்கச் செல்லுங்கள்.

நம் மாணவர் அந்த மூன்று வாரப் பக்கங்களையும் நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே போதுமாயிருந்திருக்கும்.