ஓநாய் வம்சம்தான், ஆனால் ஓநாய் இல்லை



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் நேற்று போனில் கேட்டான்: "சார், நாய்க்குட்டி வாங்கியிருக்கேன். ஓநாய் வம்சம்தானே, பச்சைக் கறிதான் இயற்கைன்னு வீடியோவுல சொல்றாங்க. அதைப் போடவா, பாக்கெட் தீனி போடவா?"

வம்சம் சரிதான். ஆனால் மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதி என்றால், நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மனிதனோடு வாழ்ந்து நாயின் வயிறே மாறிவிட்டது. நம் ஊர் நாய்கள் கஞ்சியும் கூழும் குடித்து வளர்ந்தவைதானே?

அவன் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. என் கவலை அதுதான். பச்சைக் கறியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் எல்லாம் செத்துவிடாது. நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அது நக்கிய கை நேரே குழந்தையின் வாய்க்குத்தானே போகும்?

இன்னொன்று, வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதை மட்டுமே தின்னும் குட்டிக்கு எலும்பு வலுக்காது.

பாக்கெட் தீனி அமிர்தம் இல்லை, விலையும் அதிகம். ஆனால் குட்டிகளுக்கான முழு உணவு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் சத்துகள் அளவோடு இருக்கும். சமைத்துத்தான் போடுவேன் என்றால், கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள். வெங்காயம், பூண்டு, வெந்த எலும்பு மூன்றும் கூடாது.

குழந்தை உள்ள வீட்டில் பச்சைக் கறி வேண்டாம் என்றே அவனிடம் சொன்னேன். உங்கள் வீட்டில் என்ன போடுகிறீர்கள்? எழுதுங்கள்.