குட்டி அணைதானேன்னு விட்டுட்டாங்க!



சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன? மறுநாள் லீவு. மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு வந்தா ஒரே ரூமில் பத்துப் பேர், விடிய விடிய அரட்டை. வெளியே மழையும் சேர்ந்துக்கிட்டா கேட்கவே வேணாம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினா சொர்க்கம்!

1977 நவம்பர் 5. அதுவும் ஒரு சனிக்கிழமைதான். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்குப் பக்கம் டோக்கோவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பைபிள் காலேஜ். கேம்பஸிலேயே ஒரு அருவி, உயரம் 186 அடி. நயாகராவை விட உயரம் பாஸ்! (அகலத்தில் நயாகரா கிட்டகூட வர முடியாது. அது வேற விஷயம்.) அருவிக்கு மேலே மலையில் ஒரு ஏரி. அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருந்தது 'கெல்லி பார்ன்ஸ்' என்கிற மண் அணை. நாலு நாளாக நல்ல மழை, சுமார் ஏழு அங்குலம். காலேஜ் வழக்கம்போல தூங்கப் போனது.

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அணை உடைந்தது.

தண்ணீர் அருவி வழியே குதித்து நேராக கேம்பஸுக்குள் வந்தது. ஆண்கள் ஹாஸ்டலின் கீழ்த்தளத்துக்குள் புகுந்தது. ஓடையோரம் வரிசையாக டிரெய்லர் வீடுகள். கல்யாணமான மாணவர்கள் மனைவி, குழந்தைகளோடு தங்கியிருந்த இடம் அது. தீப்பெட்டி மாதிரி அந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. மொத்தம் 39 பேர் இறந்தார்கள். படிக்க வந்தவர்கள், அவர்களோடு வந்த குடும்பங்கள், குழந்தைகள்.

"எவ்ளோ பெரிய அணைங்க அது?"ன்னு கேட்பீங்க. அங்கேதான் விஷயமே இருக்கு. உயரம் சுமார் 40 அடி, நம்ம காலேஜ் பில்டிங் மாதிரி மூணு, நாலு மாடி. நீளம் சுமார் 400 அடி. அவ்வளவுதான். மேப்பில் தேடினால் பூதக்கண்ணாடி வேணும். மேட்டூர், பக்ரா நங்கல்னு பெரிய பேர்களைப் படிச்சே வளர்ந்த நமக்கு இதையெல்லாம் அணைன்னு சொல்லவே தோணாது.

இந்த அணையோட ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1899-ல் சின்னதா ஒரு மின் நிலையத்துக்காக அந்த இடத்தில் முதலில் ஒரு தடுப்பு கட்டினாங்க. பிறகு அது காலேஜ் கைக்கு வந்தது. அதன் மேலேயே மண்ணைப் போட்டு அணையாக்கினாங்க. அப்புறம் இன்னும் உயர்த்தினாங்க. 1957-ல் மின்சாரம் எடுப்பது நின்று போச்சு. அணைக்கு வேலை போச்சு. ஆனா தண்ணீருக்கு ரிட்டயர்மென்ட் கிடையாதே! அடுத்த இருபது வருஷம் அது அழகான ஒரு ஏரி, பிக்னிக் ஸ்பாட். கரையில் மரம், செடி எல்லாம் ஜம்முனு வளர்ந்தது. பார்க்க நல்லாத்தான் இருந்திருக்கும்.

உடைந்த பிறகு மத்திய அரசின் விசாரணைக் குழு வந்து பார்த்தது. 'இதுதான் காரணம்' என்று ஒன்றை மட்டும் காட்ட அவர்களால் முடியவில்லை. கரையின் வெளிப்பக்கச் சரிவு ரொம்பச் செங்குத்து. உள்ளே தண்ணீர்க் கசிவு. மண் சரிவு. எல்லாம் சேர்ந்து காலை வாரியிருக்கலாம் என்றார்கள். ஆனால் ஒரு போட்டோ கிடைத்தது. 1973-ல் எடுத்தது. கரையின் வெளிப்பக்கத்தில் சுமார் 12 அடி உயரம், 30 அடி அகலத்துக்கு மண் சரிந்து கிடப்பது அதில் தெரிந்தது. அதாவது, அணை நாலு வருஷம் முன்னாடியே 'எனக்கு உடம்பு சரியில்லை'ன்னு சொல்லிடுச்சு. கேட்கத்தான் டாக்டர் இல்லை.

ஏன் இல்லை? காலேஜ் மேல பழியைப் போட்டுட்டுப் போறது ஈஸி. ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த அணைக்கு அடியில் தூங்கினது அவங்க பிள்ளைங்கதான். ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா விடுவாங்களா? அவங்க கண்ணுக்கு அது ஏரி. அணையாப் பார்க்கத் தெரிஞ்ச ஒரு ஆள், வருஷத்துக்கு ஒரு தடவை கரை மேல நடந்து பார்க்கணும். அதுக்கு ஒரு சட்டம் வேணும், சம்பளம் வேணும். ஜார்ஜியாவில் அப்போ அணைப் பாதுகாப்புச் சட்டமே கிடையாது.

மத்திய அரசில் சட்டம் இருந்தது! 1972 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ க்ரீக் என்ற இடத்தில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கட்டிய அணை உடைந்து 125 பேர் செத்தாங்க. அதே வருஷம் தேசிய அணை ஆய்வுச் சட்டம் வந்தது. ராணுவப் பொறியாளர் படை நாடு முழுக்க இருக்கிற அணைகளைப் பரிசோதிக்கலாம் என்றது சட்டம். அணைகளைக் கணக்கெடுத்து லிஸ்ட் போட்டார்கள். பரிசோதனைக்கு? பணம் ஒதுக்கவில்லை. அஞ்சு வருஷம் சட்டம் பேப்பரில் தூங்கியது. டோக்கோவாவில் பசங்க ஹாஸ்டலில் தூங்கினார்கள்.

அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டருக்குச் சொந்த மாநிலமே ஜார்ஜியாதான். அவர் மனைவி ரோஸலின் நேரில் வந்து பார்த்தார். உடனே பரிசோதனைக்கு உத்தரவு போனது. 1981 வரைக்கும் 8,800-க்கும் மேற்பட்ட அணைகளைப் பார்த்தார்கள். எல்லாமே, உடைந்தால் கீழே உயிர் போகும் என்ற வகை அணைகள். ரிசல்ட் என்ன தெரியுமா? கிட்டத்தட்ட மூணில் ஒண்ணு ஃபெயில்! ஜார்ஜியாவும் 1978-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. போய்ப் பார்த்த பிறகுதான் இத்தனை ஓட்டை இருந்ததே தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. அணை அப்படியே இருக்கும், கீழே இருக்கிற ஊர் மாறிடும். அமெரிக்காவில் 1940-களின் கடைசியில் ஆரம்பித்து, வெள்ளத்தைத் தடுக்க விவசாயத் துறை உதவியோடு பதினோராயிரத்துக்கும் அதிகமான குட்டி அணைகள் கட்டினார்கள். பெரும்பாலும் மண் அணைகள். நிறைய அணைகளுக்கு ஐம்பது வருஷம்தான் ஆயுள்னு கணக்குப் போட்டிருந்தாங்க. கட்டும்போது கீழே சோளக்காடு. உடைஞ்சா பயிர் போகும், அவ்வளவுதான்னு அதுக்கேத்த மாதிரி கட்டினாங்க. பிறகு காட்டை வித்து பிளாட் போட்டு வீடு கட்டினாங்க. நேற்று வரை 'ஆபத்து குறைவு'ன்னு இருந்த அணை, ஒரு கூடை மண்கூட சரியாமலே 'ஆபத்து அதிகம்' ஆகிடுச்சு. ஆக, அணை சின்னதா பெரிசாங்கிறது கேள்வியே இல்லை. அதுக்குக் கீழே யார் தூங்குறாங்க? அதுதான் கேள்வி.

'அமெரிக்கா கதை நமக்கெதுக்கு?'ன்னு கொட்டாவி விடாதீங்க மக்களே. நம்ம நாட்டில் 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். 15 மீட்டருக்கு மேல் உயரமான அணையெல்லாம் அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் கூடுதலாக ஏதாவது ஒரு நிபந்தனை சேரணும். நீளம் 500 மீட்டராவது இருக்கணும், இல்லைன்னா பத்து லட்சம் கனமீட்டராவது தண்ணீர் பிடிக்கணும் என்கிற மாதிரி. இப்போ கெல்லி பார்ன்ஸை இந்த ஸ்கேலில் வெச்சுப் பாருங்க. உயரம் சுமார் 12 மீட்டர். நீளம் 125 மீட்டரைக்கூடத் தொடாது. உடைந்தபோது இருந்த தண்ணீர் எட்டு லட்சம் கனமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. நீளத்திலும் பாஸ் மார்க் வாங்கலை, தண்ணீரிலும் வாங்கலை. 39 பேரைக் கொன்ன அணை, அந்த ரெண்டு கணக்கிலும் 'சின்னது'!

அப்படின்னா நம்ம ஊர் சின்ன ஏரிக்கரையை எல்லாம் யார் பார்ப்பாங்க? நூறு ஏக்கருக்குக் குறைவா பாசனம் என்றால் பஞ்சாயத்து யூனியன், அதுக்கு மேல என்றால் நீர்வளத்துறை. இதைத் தெரிஞ்சு வெச்சுக்கறதே பாதி வேலை. யார்கிட்ட சொல்லணும்னு தெரியாமத்தான் நிறைய பேர் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடறாங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, மழை விட்டதும் பகல்ல ஏரிக்கரை பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. சிவில் படிக்கிறவங்கதான் போகணும்னு இல்லை. கரையில் விரிசல் இருக்கா? வெளிப்பக்கம் எங்கேயாவது மண் இறங்கியிருக்கா? எலி வளை, நண்டு வளை? பெரிய மரம் வேர் விட்டிருக்கா? அந்த வேர் செத்து மக்கினா தண்ணீருக்கு ரெடிமேட் பாதை. கலிங்கு அடைஞ்சு கிடக்கா? முக்கியமா, கரைக்கு வெளியே தண்ணீர் கசியுதான்னு பாருங்க. மண் கரையில் கொஞ்சம் கசிவு சகஜம்தான். தெளிவா வந்துகிட்டிருந்த தண்ணீர் திடீர்னு கலங்கலா வந்தா, அது கரையோட மண்ணையே அரிச்சு எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம். அப்போ வேடிக்கை பார்க்காதீங்க. முதல்ல கரைக்குக் கீழே இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, அடுத்து ஆபீஸுக்குச் சொல்லுங்க.

கையில் செல்போன் இருக்குல்ல? செல்ஃபி எடுத்தது போக, கரையையும் நாலு போட்டோ எடுங்க, தேதியோட. அந்த 1973 போட்டோவும் அதே வேலையைத்தான் செஞ்சது. ஆனா அதைப் பார்க்க வேண்டியவங்க பார்த்தது, 39 பேரும் போனதுக்கு அப்புறம். உங்க போட்டோ அதுக்கு முன்னாடியே போய்ச் சேரட்டும்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். வரட்டா?