பைக்கில் மாஸ்க், மீட்டிங்கில் 'நோ' மாஸ்க்: ரூ.500 அபராதம் சரி... ரிஸ்க் உண்மையில் எங்கே?

2022 ஏப்ரலில் மாஸ்க் மறுபடியும் பேசுபொருளானது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டிருந்த கொரோனா உத்தரவுகள் 2022 மார்ச் 31-ம் தேதியோடு முடிந்தன. ஏப்ரல் 2-ல் மகாராஷ்டிரா, 'மாஸ்க் அவரவர் விருப்பம்' என்று சொல்லிவிட்டது. அப்பாடா என்று மூச்சுவிட்டு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. டெல்லியில் தொற்று ஏறியதும் அங்கே ரூ.500 அபராதம் திரும்பி வந்தது. சென்னை ஐஐடி வளாகத்தில் கொத்தாகத் தொற்று கண்டறியப்பட்ட பிறகு தமிழ்நாட்டிலும் அதே ரூ.500 விதிக்கப்பட்டது.

அபராதம் வந்தால் மாஸ்க்கும் வரும். ஆனால் எங்கே வந்தது என்பதுதான் வேடிக்கை. காலை ஒன்பது மணிக்கு ஓஎம்ஆரில் எந்த சிக்னலில் நின்று பார்த்தாலும் பைக்கில் தனியாகப் போனவர் ஹெல்மெட்டுக்குள் மாஸ்க் போட்டிருந்தார். அவரே ஆபீஸுக்குள் போய், கதவு சாத்திய ஏசி மீட்டிங் ரூமில் பத்துப் பேரோடு உட்கார்ந்ததும் மாஸ்க் தாடைக்கு இறங்கியது. பேச வேண்டும் என்றால் முழுசாகவே கழன்றது. போலீஸ் நின்றது ரோட்டில். மீட்டிங் ரூமில் இல்லையே!

வைரஸ் கணக்கு இதற்கு நேர் எதிரானது.

ஆறடி கணக்கு எங்கே தப்பியது?

கொரோனா தொடங்கிய காலத்தில் நமக்குச் சொல்லப்பட்டது இதுதான்: இருமும்போது, தும்மும்போது தெறிக்கும் எச்சில் துளிகளில் வைரஸ் இருக்கும், அவை சில அடி தூரத்தில் கீழே விழுந்துவிடும். அதனால் தள்ளி நில், கையைக் கழுவு. 2020 மார்ச் 28-ல் உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவுவது அல்ல என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. அந்த நிலைப்பாடு மெல்ல மெல்ல மாறி, மூடிய, காற்றோட்டம் குறைந்த இடங்களில் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவும் என்று 2021-ல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இடைப்பட்ட காலத்தில் நாம் மளிகை சாமான் பாக்கெட்டை எல்லாம் சானிடைசர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் தடயங்கள் ஆரம்பத்திலேயே கிடைத்திருந்தன. 2020 மார்ச் 10-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணம், ஸ்காஜிட் பகுதியில் ஒரு சேர்ந்திசைக் குழு பயிற்சிக்குக் கூடியது. மொத்தம் 61 பேர், சுமார் இரண்டரை மணி நேரம். அதில் ஒருவருக்கு ஏற்கெனவே அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். மூச்சை இழுத்துவிட்டுப் பாடியதும், ஒரே அறையில் நீண்ட நேரம் இருந்ததும் சேர்ந்து செய்த வேலை இது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சீனாவின் குவாங்சோவில் நடந்தது. 2020 ஜனவரியில் ஜன்னல் இல்லாத ஏசி ரெஸ்டாரன்ட் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று டேபிள்களில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று வந்தது. மூன்று டேபிள்களும் ஒரே ஏசியின் காற்று சுற்றிவரும் பாதையில் இருந்தன. அதே தளத்தில் வேறு டேபிள்களில் இருந்தவர்களுக்கும், பரிமாறிய ஊழியர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்ப்ளிட் ஏசி விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ரூமில் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. பத்துப் பேர் விட்ட மூச்சு, குளிர்ந்த நிலையில் பத்துப் பேருக்கும் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான்.

சரி, மாஸ்க் எவ்வளவு காப்பாற்றும்?

இதற்கு 'முழுசாக' என்றும் சொல்ல முடியாது, 'சுத்தமாக இல்லை' என்றும் சொல்ல முடியாது. வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. சில கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, போடச் சொல்லி ஊக்குவித்தார்கள். மற்ற கிராமங்களில் அப்படிச் செய்யவில்லை. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு கூடிய தொற்று 11 சதவீதம் குறைந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்குக்கு இப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

'வெறும் 11 சதவீதமா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஊக்குவித்த கிராமங்களிலும் மாஸ்க் முறையாகப் போட்டவர்கள் சுமார் 42 சதவீதம்தான். மற்ற கிராமங்களில் 13. அதாவது, பாதிப் பேர்கூடப் போடாத ஊரில் கிடைத்த பலன் இது.

என்95 இன்னும் ஒரு படி மேல். மிகச் சிறிய துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும். ஆனால், ஓரத்தில் இடைவெளி இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. மூச்சு விடும்போது மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறதா? அப்படியென்றால் மேல்பக்கம் லீக் ஆகிறது. வால்வு வைத்தது வேண்டாம். அது நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு இதைக் கடிதமாக எழுதி எச்சரித்தது. அதன் பிறகும் பிளாட்பாரக் கடைகளில் அதுதான் தொங்கியது!

நம் நாளில் எது ரிஸ்க்?

காற்று வெளியே போக வழி இருக்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கப்போகிறோம், அங்கே இருப்பவர்கள் சும்மா இருக்கிறார்களா அல்லது பேசி, பாடி, மூச்சிரைக்கிறார்களா? இவை ஒன்றை ஒன்று பெருக்கும். மெரினாவில் நடக்கும்போது மாஸ்க் இல்லாததால் பெரிய ஆபத்து இல்லை. ஜன்னல் திறந்த மாநகரப் பேருந்தில் கூட்டம் இருந்தால் போடுவது நல்லது. மெட்ரோ ஏசிதான், ஆனால் பயணம் குறைவு, பெரும்பாலும் போனைப் பார்த்தபடி அமைதியாக இருப்பார்கள். ஒரு மணி நேர மீட்டிங், ஜிம், ஏசி ஃபுட்கோர்ட் எல்லாம் வேறு ரகம். ஃபுட்கோர்ட்டில் மாஸ்க்கோடு சாப்பிடவும் முடியாது. பார்சல் வாங்கி வெளியே மரத்தடியில் உட்காருவதுதான் வழி.

இந்தக் கணக்கில் பலரும் மறப்பது ஓம்னி பஸ். வெள்ளி இரவு சென்னையில் ஏறி, ஜன்னல் திறக்காத ஏசி ஸ்லீப்பரில் பத்து மணி நேரம் பயணம் செய்து, சனிக்கிழமை காலை திருநெல்வேலியில் இறங்கியதும் நேராகப் பாட்டி பக்கத்தில் போய் உட்காருவோம். இரண்டு டோஸ் போட்ட 26 வயதுக்காரருக்கு ஒமைக்ரான் பெரும்பாலும் மூன்று நாள் காய்ச்சலோடு போகலாம். அவர் எடுத்த ரிஸ்க்கின் பில் பாட்டிக்கு வரும். அபராதச் சட்டத்தில் இதற்கு இடமே இருக்கவில்லை.

ஊருக்கே போகக்கூடாது என்று சொல்ல முடியுமா என்ன? அந்த வாரம் வியாழன், வெள்ளியில் ஆபீஸ் பார்ட்டியைத் தவிர்க்கலாம். பஸ்ஸில் நல்ல என்95 போட்டுத் தூங்கலாம். ஒமைக்ரானில் அறிகுறி பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தெரிந்துவிடும் என்பதால், தொண்டை கரகரத்தால் வீட்டிலேயே செய்யும் ரேபிட் டெஸ்ட் ஒன்று செய்யலாம். நெகட்டிவ் வந்தாலும் மறுநாள் இன்னொன்று. பாட்டியோடு அரட்டையை ஏசி ரூமில் வைக்காமல் திண்ணைக்கு மாற்றலாம். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

அப்படியே அவருடைய தடுப்பூசிச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில், இரண்டாவது டோஸ் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தால், 60 வயதைக் கடந்தவர்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைத்தது. 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு 2022 ஏப்ரல் 10 முதல் தனியார் மையங்களில் போட்டார்கள். ஊசி மருந்தின் விலை அப்போது ரூ.225, சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.150 ஆக இருந்தது.