விலையும் மதிப்பும்: ஐமாரை வாங்கியது தகுமா?



ஜொகூரில் காற்பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு பழைய வழக்கு இன்றும் எழுந்து நிற்கும். பாப்லோ ஐமாரை ஜேடிதி வாங்கியது தகுமா, தகாதா என்பதே அவ்வழக்கு. அவர் வந்தபோது பிறந்திராத பிள்ளைகள்கூட இன்று இதைப் பற்றி வாதிடுகிறார்கள். ‘உலகத் தர ஆட்டக்காரர் நம்மூரில் ஆடினார், அதுவே பெருமை’ என்கிறது ஒரு தரப்பு. ‘பணம் ஆற்றில் போன கதை’ என்கிறது மறுதரப்பு. ஓர் ஆசிரியர் இதில் தலையிடுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொருளின் மதிப்பை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் கேள்வி இதனுள் இருக்கிறது. அதே அளவுகோலைத்தான் நம் பள்ளிகளிலும் நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஆதலால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்திக்கொள்வோம். 2012இல் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2013இல் ஜொகூர் டாருல் தக்சிம் என்னும் பெயருடன் புதிய குழு களமிறங்கியது. மாநிலத்தின் பழைய பெருமைகள், குறிப்பாக 1991இல் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற பெருமை, அதற்குள் பாட்டன் கதையாகிவிட்டிருந்தன. அவற்றை மீட்டெடுக்கப் புதிய நிருவாகம் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களைத் தேடியது. 2008இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் அணியைச் சேர்ந்த டேனி கூயிசா வந்தார். 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே பராகுவே நாட்டுக் குழுவொன்றுக்குச் சென்றுவிட்டார். அவ்வாண்டு எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிதி கிளந்தானிடம் தோற்றது.

அடுத்து அறிவிக்கப்பட்ட பெயர்தான் ஐமார். வலென்சியா குழுவோடு 2002லும் 2004லும் ஸ்பெயின் லீக் பட்டத்தை வென்றவர். லியோனல் மெஸ்ஸி தம் இளமைக்கால ஆதர்சமாகப் பலமுறை குறிப்பிட்டவர். 2014 பருவத்திற்காக அவர் ஜொகூருக்கு வந்தபோது லார்க்கின் அரங்கத்தில் எழுந்த ஆரவாரத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆனால், காயம் அவரை விடவில்லை. சில ஆட்டங்களே ஆடினார். ஏப்ரல் மாதத்தில் குழு அவரை விடுவித்தது.

இனி வழக்கிற்கு வருவோம். ஐமாருக்கு ஆதரவான வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர் பெயரால் உலக ஊடகங்கள் ஜொகூரைத் திரும்பிப் பார்த்தன. ‘அங்கே ஐமார் ஆடினார்’ என்ற சொல், பிற்பாடு மற்ற வெளிநாட்டு ஆட்டக்காரர்களிடம் பேச்சு நடத்துவதற்கு ஒரு முகவரியாக அமைந்திருக்கலாம். காயம் அடைவது யாருடைய குற்றமும் அன்று. அவர் பண்பிலும் ஆட்டத்திலும் குறைவற்றவர் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று. 2022இல் உலகக் கிண்ணத்தை வென்ற அர்ஜென்டினாவின் பயிற்றுநர் குழுவில் அவரும் ஒருவர்.

இருப்பினும் என் தீர்ப்பு வேறு. ஐமாரை வாங்கியது தகாது. ஏப்ரலில் விடுவித்தது மிகத் தகும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறுவதால்தான் இவ்வாதம் இத்தனை ஆண்டுகளாக முடியாமல் நீள்கிறது.

வாங்கியது ஏன் தகாது? விளைவு பிழைத்துவிட்டது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு முன்னால் முடிவெடுத்தவரைக் குறைகூறுவது எளிது. அது நேர்மையும் ஆகாது. ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் கையிலிருந்த செய்திகளைக் கொண்டே எடைபோட வேண்டும். அன்று தெரிந்தவை யாவை? அவருக்கு வயது 33. காயங்கள் அவருடைய ஆட்ட வாழ்க்கையில் பல ஆண்டுகளாகவே தொடர்ந்து வந்தன. நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் எவருக்கும் புதிரல்ல. இவ்வளவும் தெரிந்திருந்தும் வாங்கியது அவருடைய நேற்றைய நாளையே, நாளைய நாளையன்று.

விடுவித்தது ஏன் தகும்? லீக்கில் இறக்குமதி ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. காயமுற்ற ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்திருந்தால், வேறொருவர் அங்கே ஆட முடியாது. அன்றைய நடைமுறையில் ஏப்ரலில் திறக்கும் ஆட்டக்காரர் மாற்றுக் காலம் முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். தவறினால் பருவம் முழுவதும் அந்த இடம் வீண். ‘இவ்வளவு செலவு செய்துவிட்டோமே, இன்னும் சிறிது காலம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று எண்ணுவதே மனித இயல்பு. போன பணத்தை நினைத்து இருக்கும் பணத்தையும் இழக்கும் இயல்பு அது. ஜேடிதி அதற்கு இரையாகவில்லை. உலகப் பெயர் ஒன்றை விடுவித்தால் ஊர் நகைக்குமே என்றும் அஞ்சவில்லை. அப்பருவத்தின் முடிவில் சூப்பர் லீக் பட்டம் முதன்முறையாக அக்குழுவின் கைக்கு வந்தது. அங்குத் தொடங்கிய வெற்றி 2024-25 பருவம் வரை தொடர்ச்சியாக 11 பட்டங்களாக நீண்டது.

இந்த விவாதத்தில் யாரும் எடுத்துரைக்காத ஒரு பெயர் உண்டு. அதே 2014 பருவத்திற்காகச் சிலாங்கூரிலிருந்து ஜேடிதிக்கு வந்தவர் எஸ். குணாளன். நெகிரி செம்பிலானில் ஆட்டத்தைத் தொடங்கியவர்; டத்தோ கே. ராஜகோபாலின் பயிற்சியில் 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியைச் சேர்ந்தவர். அவர் வருகைக்காக விமான நிலையத்தில் கூட்டம் கூடவில்லை. வெளிநாட்டு நாளிதழ்கள் எழுதவில்லை. அவர் வந்தது தகுமா என்று எவரும் பட்டிமன்றம் நடத்தவுமில்லை. பக்கவாட்டில் பாய்ந்து தாக்கும் ஆட்டக்காரராக அறியப்பட்டவர், குழுவின் தேவைக்காகத் தற்காப்பு வரிசைக்கும் இறங்கி ஆடப் பழகிக்கொண்டார். பருவம் பருவமாக நிலைத்து ஆடினார். 2015 அக்டோபர் 31ஆம் நாள் துஷான்பேயில் இஸ்திக்லோல் குழுவை 1-0 என வென்று, ஏஎஃப்சி கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசியக் குழு என்னும் சிறப்பை ஜேடிதி பெற்றதே, அப்பருவக் குழுவிலும் அவர் இருந்தார். ஐமார் தங்கியது சில மாதங்கள். குணாளன் தங்கியது பல ஆண்டுகள்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த லூசியானோ ஃபிகெரோவாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவரும் 2014இல் வந்தவர்தான், பெயரும் உள்ளவர்தான். ஆனால் ஆடினார், கோல்கள் அடித்தார், பின்னர் ஜொகூருக்கே திரும்பிவந்து பயிற்றுநர் பணியும் ஆற்றினார். ஆகவே வெளியூர்ப் பெயர்கள் எல்லாம் வீண் என்பது என் வாதமன்று. வந்தவர் சென்றபின் என்ன எஞ்சியது என்பதே என் கேள்வி.

இக்கேள்வியை நம் தமிழ்ப்பள்ளிகளின் பக்கம் திருப்புகிறேன். சற்றுக் கசக்கும்; பொறுத்தருள்க.

நம்மிடையே ஒருநாள் தன்முனைப்பு முகாம்களுக்குக் குறைவில்லை. தொலைக்காட்சியில் தோன்றிய ஒரு பேச்சாளரை அழைப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அலைந்து நிதி திரட்டும். பதாகை கட்டுவோம், மாலை அணிவிப்போம், படம் எடுப்போம். பிள்ளைகள் அழுவார்கள், கைதட்டுவார்கள், பெற்றோரின் காலில் விழுவார்கள். மறுவாரம் வாய்பாடு தெரியாத பிள்ளை வாய்பாடு தெரியாமலே வகுப்பில் அமர்ந்திருக்கும். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின்னரும் இப்பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை.

அதே பள்ளியில், வாரம் இருமுறை மாலையில் தங்கி, வாசிக்கத் தடுமாறும் ஆறு பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் ஓர் ஆசிரியை இருப்பார். மாவட்ட அளவிலான போட்டிக்குப் பிள்ளைகளைத் தம் சொந்த வாகனத்தில் ஏற்றிச் செல்லும் ஓர் ஆசிரியரும் இருப்பார். பந்து வாங்கவும் காலணி வாங்கவும் அவர் நிதி கேட்டால் மட்டும், ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்வி கூட்டத்தில் எழும். ஒருநாள் பேச்சாளரிடம் கேட்கப்படாத கேள்வி அவரிடம் மட்டும் ஏன் கேட்கப்படுகிறது?

பெயர்பெற்றவர்களை அழைக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரு நல்ல சொல் ஒரு பிள்ளையின் மனத்தில் விதையாக விழக்கூடும். ஆயின், விதைத்தவர் சென்றபின் நீரூற்றுபவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அழையுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் நிதி ஒதுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இச்செலவால் ஆறு மாதம் கழித்து நம் பள்ளியில் எது எஞ்சியிருக்கும்? பயன் தராது என்று தெரிந்தால், இதை நிறுத்தும் துணிவு நமக்கு உண்டா? இரண்டாம் கேள்விதான் கடினமானது. பத்து ஆண்டுகளாக நடத்திவரும் நிகழ்ச்சி என்ற ஒரே காரணத்திற்காகப் பதினோராம் ஆண்டும் நடத்தப்படுபவை நம்மிடம் எத்தனையோ உள்ளன.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஐமார் பெரியவரா, குணாளன் பெரியவரா என்று வாதிட்டால், ‘படிக்கிற வேலையைப் பார்’ என்று அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து, ‘உன் தீர்ப்பிற்குக் காரணம் என்ன?’ என்று கேளுங்கள். திறமையில் ஐமாருக்கு ஈடில்லை என்று பிள்ளை சொன்னால் அது உண்மை, ஒப்புக்கொள்ளுங்கள். குழுவிற்குப் பயன்பட்டவர் யார் என்று அடுத்துக் கேளுங்கள். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொண்டால், அன்றைய பாடம் நன்றாகவே நடந்தது என்று பொருள்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்