கேக்குக்கு உள்ளே ஒரு சாக்லேட், வெளியே ஒரு சாக்லேட்!

டிசம்பர் பிறந்தால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை பல வீடுகளில் ஓவன் ஓயாமல் ஓடும். வாட்ஸ்அப்பில் கேக், பிரவுனி ஆர்டர் எடுத்து வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் பெண்கள் இந்தப் பக்கம் நிறைய. சாமான் வாங்கப் பாரிமுனைக்குப் போகும்போது அவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாக்லேட் கட்டிகள். ஒரே நிறம், ஒரே எடை. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். விலை குறைந்ததில் ‘டார்க் காம்பவுண்ட்’ என்று இருக்கும்.

வித்தியாசம் கொழுப்பில்தான். அசல் சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். காம்பவுண்டில் அதற்குப் பதிலாகப் பாமாயில் வகைத் தாவரக் கொழுப்பும் கோகோ பவுடரும் சேர்கின்றன. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடல் சூடு 37. அதனால்தான் அசல் சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. காம்பவுண்ட் சற்று மெழுகு போல அண்ணத்தில் ஒட்டும்.

அப்படியானால் காம்பவுண்ட் மட்டமா? இல்லை. அசல் சாக்லேட்டை உருக்கி அப்படியே ஆறவிட்டால் பளபளப்பு வராது, வெள்ளை பூத்துவிடும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 வரை குளிரவைத்து, மறுபடி 31-32க்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு டெம்பரிங் என்று பெயர். ஏசி இல்லாத திருவொற்றியூர் சமையலறையில் மதிய வெப்பமே 32ஐத் தாண்டும்போது இது எப்படி முடியும்? காம்பவுண்டுக்கு டெம்பரிங் வேண்டாம். உருக்கினோமா, தோய்த்தோமா, ஆறவைத்தோமா என்று வேலை முடிந்துவிடும்.

எனவே கணக்கு எளிது. வெளிப்பூச்சு, அலங்காரம், தோய்த்த பாதாம் ஆகியவற்றுக்கு காம்பவுண்ட். பிரவுனி மாவு, கனாஷ், மூஸ் போன்றவற்றுக்கு அசல். இவற்றுக்கு டெம்பரிங் தேவையில்லை. ருசியும் இங்கேதான் தெரியும். கனாஷுக்கு 100 கிராம் கிரீமுக்கு 200 கிராம் டார்க் சாக்லேட் போட்டால் நம் வெயிலில் சீக்கிரம் வழியாது.

சாக்லேட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். ஈரக் கரண்டியோ, டபுள் பாய்லிங்கில் எழும் ஆவியோ பட்டால் போதும், வழவழவென்று இருந்தது மணல் போலத் திரண்டுவிடும். அடுப்பு சிம்மில் இருக்கட்டும். மேல் பாத்திரத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. திரண்டதைத் தூக்கிப் போட வேண்டாம். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் நல்ல சாஸ் ஆகிவிடும். பூச்சுக்கு உதவாது, கேக் நடுவில் தடவலாம்.

இரண்டாவது எதிரி கடற்காற்றின் ஈரப்பதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியை உடனே பிரித்தால் மேலே நீர் கோக்கும். அது காய்ந்ததும் சர்க்கரை வெள்ளையாகப் படியும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். இப்படி வெள்ளை பூத்தது கெட்டுப்போனதல்ல. உருக்கி கேக் மாவில் தாராளமாகச் சேர்க்கலாம்.

2024இல் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் விளைச்சல் சரிந்து, உலகச் சந்தையில் கோகோ ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியது. ஒரு கட்டி பாழானாலே வீட்டுத் தொழிலில் லாபம் போய்விடும். அப்போது கைகொடுப்பது கோகோ பவுடர். அதைச் சூடான ஃபில்டர் டிகாஷனில் கரைத்து மாவில் ஊற்றினால் சாக்லேட் மணம் தூக்கலாக இருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும். சாதாரண கோகோ பவுடர் புளிப்புத் தன்மை உள்ளது, சமையல் சோடாவோடு சேர்ந்து பொங்கும். காரம் சேர்த்துப் பதப்படுத்திய ‘டச்’ வகைக்கு பேக்கிங் பவுடர் வேண்டும், அல்லது மாவில் தயிர் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. எடையில் அதிகமானதே பட்டியலில் முதலில் வரும். சர்க்கரைக்கு அடுத்து தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது காம்பவுண்ட். அதில் செய்ததை அசல் சாக்லேட் கேக் என்று விற்காமல், இரண்டுக்கும் தனித்தனி விலை சொல்லிவிடலாம். உள்ளதைச் சொல்லி விற்கும் வீட்டுக்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கும் ஆர்டர் வரும்.