அமெரிக்காவில் பிறந்த பேட்டரி சீனா கைக்குப் போனது எப்படி? ரூ.1 லட்சம் கோடி நிதியைத் திறந்திருக்கும் இந்தியாவுக்கு என்ன பாடம்?

2025 ஜூலை 15. சீன வர்த்தக அமைச்சகம் ஒரு பட்டியலைத் திருத்தி வெளியிட்டது. அரசு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாத தொழில்நுட்பங்களின் பட்டியல் அது. அதில் புதிதாகச் சேர்ந்த பெயர்களில் ஒன்று, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கான கேத்தோடு பொருளைத் தயாரிக்கும் முறை. சுருக்கமாக, எல்.எஃப்.பி.

இதுல என்ன ஆச்சரியம்? அந்த நாட்டுத் தொழில்நுட்பம், அந்த நாடு பூட்டி வைக்குதுன்னு தோணலாம். ஆனா விஷயம் அப்படி இல்ல. எல்.எஃப்.பி சீனாவில் பிறந்ததே கிடையாது. பிறந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில். அதன் அடிப்படைக் காப்புரிமைகளும் 2022-ஐ ஒட்டியே காலாவதியாகிவிட்டன. அதாவது, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். அப்படியிருந்தும் உலகின் எல்.எஃப்.பி பேட்டரிகள் கிட்டத்தட்ட முழுவதும் சீனாவில்தான் தயாராகின்றன.

யோசனை ஒரு நாட்டில், தொழிற்சாலை இன்னொரு நாட்டில். நடுவில் என்ன நடந்தது? தூய்மை எரிசக்தி உள்ளிட்ட துறைகளின் ஆராய்ச்சிக்கு இந்தியா ரூ.1 லட்சம் கோடி நிதியை அறிவித்திருக்கும் இந்த நேரத்தில், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய கதை இது.

எல்.எஃப்.பி-ன்னா என்ன?

லித்தியம் பேட்டரியில் விலையைப் பெருமளவு தீர்மானிப்பது கேத்தோடு எனப்படும் நேர்மின்முனை. பல பேட்டரிகளில் இதற்கு நிக்கல், கோபால்ட் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் தேவை. எல்.எஃப்.பி-யில் அவற்றுக்குப் பதிலாக இரும்பும் பாஸ்பேட்டும். இரண்டுமே மலிவு. சூடானாலும் எளிதில் தீப்பிடிக்காது, பல ஆயிரம் முறை சார்ஜ் செய்யலாம். குறை என்னன்னா, அதே எடையில் கொஞ்சம் குறைவான மின்சாரத்தைத்தான் சேமிக்கும்.

டாடா நெக்ஸான் மின்சார கார், பல இ-ஆட்டோக்கள், வீட்டுக்கு வாங்கும் லித்தியம் இன்வெர்ட்டர், சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் பெரிய பேட்டரி நிலையங்கள் எனப் பலவற்றில் இப்போது இருப்பது இதுதான்.

கண்டுபிடித்தது யார்?

1997-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தப் பொருள் உலகுக்கு அறிமுகமானது. எழுதியவர்கள் பாதி, நஞ்சுண்டசாமி, ஜான் குடினஃப். இதில் குடினஃப், 2019-ல் தனது 97-வது வயதில் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

இதில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் இருக்கு. எல்.எஃப்.பி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருளோ, அந்தக் குடும்பத்தைப் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளை 1980-களில் குடினஃபுடன் சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி-யில் முனைவர் பட்டம் பெற்றவர். 2019-ல் குடினஃப் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியதும் அவரே.

ஆனா அந்த 1997 கட்டுரையே ஒரு குறையை வெளிப்படையாகச் சொன்னது. இந்தப் பொருள் குறைந்த மின்னோட்டம் போதுமான இடங்களுக்கே பொருந்தும். அதைச் சரிசெய்தது வேறு நாட்டவர்கள். கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் மின்வாரியமும் அதனுடன் இணைந்த ஆய்வாளர்களும், பொருளின் துகள்கள் மீது மெல்லிய கார்பன் பூச்சு கொடுத்தால் மின்சாரம் நன்றாகப் பாயும் என்று காட்டினார்கள். ஒரு நாட்டின் யோசனையை இன்னொரு நாடு வளர்த்தது. பகிர்ந்தால்தான் அறிவியல் வளரும் என்பதற்கு நல்ல உதாரணம்.

பகிர்வு கசந்ததும் உண்டு. டெக்சாஸ் ஆய்வகத்துக்கு விருந்தினராக வந்த ஆய்வாளர் மூலம் யோசனை ஜப்பானுக்குப் போய்விட்டது எனக் குற்றம்சாட்டி, 2001-ல் என்.டி.டி நிறுவனம் மீது பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. 2008-ல் 3 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. காப்புரிமை வழக்குகள் பல நாடுகளில் பல ஆண்டுகள் இழுத்தன.

பணம் வந்தது, வாங்க ஆள் வரவில்லை

சரி, அமெரிக்கா இதைத் தயாரிக்க முயற்சியே பண்ணலையா? பண்ணாங்க. பெரிய அளவிலேயே பண்ணாங்க.

2001-ல் எம்.ஐ.டி பேராசிரியர் ஒருவரின் ஆய்விலிருந்து ஏ123 சிஸ்டம்ஸ் என்ற ஸ்டார்ட்அப் பிறந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை கொடுத்த 1 லட்சம் டாலர் அதன் ஆரம்பகட்ட நிதிகளில் ஒன்று. எல்.எஃப்.பி-யை நானோ அளவில் மெருகேற்றியது ஏ123. 2009-ல் பங்குச் சந்தைக்கு வந்து சுமார் 38 கோடி டாலர் திரட்டியது. அதே ஆண்டு மிச்சிகனில் தொழிற்சாலை கட்ட அமெரிக்க அரசு 24.9 கோடி டாலர் மானியம் அறிவித்தது.

பணம் இருந்தது. அறிவு இருந்தது. தொழிற்சாலையும் எழுந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று, வாங்குபவர். அப்போது அமெரிக்காவில் மின்சார கார் விற்பனை சொற்பம். ஏ123 பெரிதும் நம்பியிருந்த கார் நிறுவனங்களில் ஒன்றான ஃபிஸ்கரே தள்ளாடிக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் பழுதான செல்களை மாற்றிக் கொடுக்க 5.5 கோடி டாலர் செலவாகும் என்று ஏ123 அறிவித்தது. அக்டோபரில் திவால். அரசு மானியத்தில் பாதிக்குச் சற்று மேல் அதற்குள் செலவாகியிருந்தது.

ஏலத்தில் அதன் பெரும்பகுதியைச் சுமார் 25.7 கோடி டாலருக்கு எடுத்தது சீனாவின் வான்சியாங். வாகன உதிரிபாக நிறுவனம். அமெரிக்கா கொடுக்க முன்வந்த மானியத்தையும் சீன நிறுவனம் கொடுத்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஏறக்குறைய ஒரே தொகை.

சீனா என்ன செய்தது?

சீனா தொடங்கியது மறுமுனையிலிருந்து. 2009-ல் 'பத்து நகரங்கள், ஆயிரம் வாகனங்கள்' என்ற திட்டம் வந்தது. மின்சாரப் பேருந்து, டாக்ஸி, நகராட்சி வாகனங்களை வாங்க அரசே மானியம் கொடுத்தது. அதாவது, பேட்டரி நன்றாக வரும் முன்பே அதற்கு வாடிக்கையாளர் தயார். 2017 இறுதியில் ஷென்சென் நகரில் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள், அத்தனையும் மின்சாரம்.

சீனாவுக்குள் விற்கும் வரை உள்நாட்டு நிறுவனங்கள் எல்.எஃப்.பி-க்கு உரிமக் கட்டணம் கட்டத் தேவையில்லாத நிலையும் இருந்தது. மற்ற நாட்டு நிறுவனங்கள் வழக்குக்குப் பயந்து ஒதுங்கியிருந்த ஆண்டுகளில், சீனத் தொழிற்சாலைகள் தயாரித்துத் தயாரித்துக் கற்றுக்கொண்டன.

இதெல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்துவிடவில்லை. மின்சாரப் பேருந்து மானியத்தில் சுமார் 100 கோடி யுவான் மோசடி செய்ததாக 5 நிறுவனங்களை 2016-ல் சீன நிதி அமைச்சகமே அம்பலப்படுத்தியது. நடுவில் மானிய விதிகள் மாறி, எல்.எஃப்.பி பின்தங்கியது. 2020-ல் பி.ஒய்.டி-யின் 'பிளேடு' பேட்டரி வந்த பிறகும், ஷாங்காயில் தயாரான டெஸ்லா மாடல் 3 எல்.எஃப்.பி-க்கு மாறிய பிறகும்தான் அது மறுபடி எழுந்தது. இன்று உலக மின்சார கார் பேட்டரி சந்தையில் ஏறக்குறைய பாதி அதன் கையில்.

இந்தப் போட்டியின் பலன் உலகத்துக்கே கிடைத்தது. 2010-ல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரி 1,000 டாலருக்கும் மேல். 2024-ல் புளூம்பெர்க் என்.இ.எஃப் கணக்குப்படி சராசரி விலை 115 டாலர்.

காப்புரிமை வேற, கைப்பக்குவம் வேற

இப்போ முதல் கேள்விக்கு வரலாம். காப்புரிமை காலாவதியான பிறகும் மற்ற நாடுகள் ஏன் திணறுகின்றன?

பிரியாணி செய்முறை எல்லோருக்கும் கிடைக்குது. ஆனா ஆயிரம் பேருக்கு ஒரே ருசியில் தம் போடுவது மாஸ்டருக்கு மட்டும்தான் வரும். பேட்டரியும் அப்படித்தான். காப்புரிமை என்பது செய்முறைக் குறிப்பு. எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் சுட வேண்டும், எவ்வளவு ஈரப்பதம் தாங்கும், நூறு செல்லில் எத்தனை கழிவாகும் என்பதெல்லாம் தொழிற்சாலைத் தளத்தில், தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்கும் கைப்பக்குவம்.

சீனா 2025 ஜூலையில் பூட்டியது இந்தக் கைப்பக்குவத்தைத்தான். பேட்டரியை வாங்கிக்கொள்ளலாம். கேத்தோடு பொருளைத் தயாரிக்கும் வித்தையைச் சொல்லித் தர வேண்டுமானால் சீன அரசின் அனுமதி வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஆய்வகத்தில் வென்ற யோசனைக்கும் கடைக்கு வரும் பொருளுக்கும் நடுவில் பல ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் லாபம் வராது, வங்கி கடன் தராது. முதலீட்டாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மரணப் பள்ளத்தாக்கு'. நிதி உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்.

இந்தியாவின் ரூ.1 லட்சம் கோடி எதற்கு?

இந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான் ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் புத்தாக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1-ல் ஒப்புதல் தந்தது. நவம்பர் 3-ல் பிரதமர் மோடி அதைத் தொடங்கி வைத்தார். முக்கிய அம்சங்கள் இவை:

* மொத்தம் ரூ.1 லட்சம் கோடி. 2025-26-க்கு மட்டும் ரூ.20,000 கோடி.
* குறைந்த வட்டியில், அல்லது வட்டியே இல்லாமல், நீண்டகாலக் கடன். ஸ்டார்ட்அப்களுக்குப் பங்கு முதலீடு.
* எரிசக்திப் பாதுகாப்பும் மாற்றமும் இதன் முன்னுரிமைத் துறைகளில் உண்டு.
* தொழில்நுட்பம் எந்த அளவு தயாராக இருக்கிறது என்பதை 1 முதல் 9 வரை அளப்பார்கள். இந்த நிதி 4-ம் படியிலிருந்து, அதாவது ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த பிறகு.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது 0.64 சதவீதம்தான். சீனா 2.5 சதவீதத்தைத் தாண்டி நிற்கும்போது, இந்தத் தொகை பெரிய மாற்றம். அதில் சந்தேகமில்லை.

இன்னும் அடைபடாத ஓட்டைகள்

முதலாவது, 4-ம் படிக்குக் கீழே. எல்.எஃப்.பி பிறந்தது பல்கலைக்கழகத்தில், லாபக் கணக்கு பார்க்காத ஆய்வில். இந்தியாவில் அந்தப் பொறுப்பு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதற்கு 2023 முதல் 2028 வரை திட்டமிட்ட ரூ.50,000 கோடியில் அரசின் பங்கு ரூ.14,000 கோடி. மீதி ரூ.36,000 கோடி, பெரும்பாலும் தனியாரிடமிருந்து வர வேண்டும்.

தனியார் கொடுத்த வரலாறு தமிழ்நாட்டிலேயே உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் ரூ.15 லட்சத்திலும். 1953-ல் திறக்கப்பட்ட அந்த நிறுவனம் இன்று லித்தியம் அயன் செல்களைச் சோதனை முறையில் தயாரிக்கும் வசதியைச் சென்னை தரமணியில் வைத்திருக்கிறது.

இரண்டாவது, வாங்குபவர். 2021-ல் பேட்டரி செல் உற்பத்திக்கு ரூ.18,100 கோடி ஊக்கத்தொகையை அரசு அறிவித்தது. இலக்கு 50 ஜிகாவாட் ஹவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலாவின் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் மொத்த இலக்கில் சிறு பகுதிதான் இதுவரை நனவாகியிருக்கிறது. இறக்குமதி செல் மலிவாகக் கிடைக்கும்போது, முதல் சில ஆண்டுகள் தரத்திலும் விலையிலும் தடுமாறும் உள்நாட்டு செல்லை யார் வாங்குவார்?

புதிய திட்டமும் தருவது கடனும் பங்கு முதலீடும்தான். முதல் ஆர்டரைத் தருவது அதன் வேலை இல்லை. ஏ123 விழுந்தது சரியாக அந்த இடத்தில். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் மின்வாரியங்களும் டெண்டர் விடும்போது, உள்நாட்டில் உருவான செல்லுக்கு ஒரு பங்கை ஒதுக்கினால்தான் இந்த ஓட்டை அடைபடும். கொஞ்சம் கூடுதல் விலை ஆகும். அந்தக் கூடுதல் விலையும் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பகுதியே. தரம் குறைந்தால் ஒதுக்கீடு ரத்து என்ற நிபந்தனையும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் சீனாவில் நடந்த மானிய மோசடி இங்கேயும் நடக்கும்.

சுற்றி வந்த யோசனை

கதையில் கடைசியா ஒரு திருப்பம். சீனா போன ஏ123-யின் உருளை வடிவ செல் பிரிவு, 2018-ல் லித்தியம் வெர்க்ஸ் என்ற நிறுவனத்திடம் போனது. 2022-ல் லித்தியம் வெர்க்ஸின் காப்புரிமைகளையும் சீனாவில் உள்ள ஆலையையும் வாங்கியது இந்தியாவின் ரிலையன்ஸ். வளர்ச்சி நிதியையும் சேர்த்து 6.1 கோடி டாலர்.

எம்.ஐ.டி-யில் மெருகேறிய யோசனையின் ஒரு பகுதி, இரண்டு கண்டங்களைச் சுற்றி, இந்திய நிறுவனத்தின் கைக்கு வந்திருக்கிறது. செய்முறைக் குறிப்பு கிடைச்சாச்சு. கைப்பக்குவம் வருமா என்பது, இங்கே தயாராகும் முதல் சில லட்சம் செல்களை யார் நம்பி வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.