வீட்டுக்குச் சின்ன ரம்பமே போதும்

வீட்டில் புத்தக அலமாரி செய்யக் கிளம்புகிறவர்கள், கடைக்குப் போனதும் இருப்பதிலேயே பெரிய கட்டிங் மெஷினைத்தான் கேட்கிறார்கள். தேவையே இல்லை. வீட்டு வேலையில் அறுபடுவது பெரும்பாலும் 18 மி.மீ. பிளைவுட். 165 மி.மீ. பிளேடு போட்ட 18 வோல்ட் பேட்டரி ரம்பம் நேராக 50 மி.மீ.க்கு மேலேயே அறுக்கும். 45 டிகிரி சாய்த்தாலும் பிளைவுட்டுக்குத் தாராளம்.

மிச்சமாகும் பணத்தைப் பிளேடில் போடலாம். 24 பல் பிளேடு சட்டக்கட்டைக்குச் சரி; மைக்கா ஒட்டிய பலகையைப் பிசிறடித்துவிடும். அதற்கு 40 பல்லாவது வேண்டும். பல் கீழிருந்து மேலேறி அறுப்பதால், பலகையின் நல்ல முகத்தைக் கீழே பார்க்க வைக்க வேண்டும். பிளேடும் பலகைக்கு அடியில் சில மி.மீ. மட்டுமே நீட்டினால் போதும்.

பேட்டரி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவாகத் தெரியும் பெட்டிக்குள் பல நேரம் பேட்டரியும் இருக்காது, சார்ஜரும் இருக்காது. ஏற்கெனவே பேட்டரி டிரில் வைத்திருப்பவர்கள், அதே கம்பெனியில் அதே பேட்டரி பொருந்தும் ரம்பத்தை வாங்குவதே லாபம்.

சிக்கனம் என்று மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. அறுத்து முடித்ததும் ரம்பத்தின் ஸ்பிரிங் மூடி தானாகப் பிளேடை மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அந்த மூடி கிடையாது.